ராய் விழுந்தார், டிராகன் பறந்தது: மந்திரமா இயற்பியலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்’ படிக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் கொஞ்ச நேரத்தில் பேச்சு ஒரே இடத்துக்கு வந்து சேரும். “இது இயற்பியல்படி நடக்கவே நடக்காது” என்று ஒருவர் ஆரம்பிப்பார். “மந்திரம் இருக்கிற உலகத்தில் இயற்பியலுக்கு என்ன வேலை?” என்று இன்னொருவர் முடிக்கப் பார்ப்பார். அது முடியவே முடியாது. அந்தச் சண்டையில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் நடுநிலையாளன் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை கெட்டுவிடும் என்பதை நான் ஏற்பதில்லை. கணக்கு எந்த இடத்தில் செல்லாது என்று தெரிந்துகொள்வதும் அதே அளவுக்கு அவசியம் என்று நினைக்கிறேன்.

கதையின் சில பெரிய திருப்பங்கள் கீழே வெளியாகும். இன்னும் படிக்காதவர்கள் காமிக்கைப் படித்துவிட்டு வந்தால் நல்லது.

இந்தக் காமிக்கில் அப்படி என்ன விசேஷம்? மற்ற மாயாஜாலக் கதைகளுக்கு இல்லாத சண்டை இதற்கு ஏன்?

ரிச் பர்லூ 2003 செப்டம்பரில் தொடங்கிய வெப்காமிக் இது. வட்டத் தலை, குச்சிக் கை கால். ராய் கிரீன்ஹில்ட் என்ற வாள்வீரர் தலைமையில் ஆறு பேர் கொண்ட குழு, செத்தும் சாகாத எலும்புக்கூட்டு மந்திரவாதி ஸைகானைத் தேடிப் போகிறது. அந்த உலகம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை விளையாட்டின் விதிகளில் ஓடுகிறது. அது அங்கே வாழ்கிறவர்களுக்கே தெரியும். முதல் பக்கத்திலேயே விளையாட்டின் மூன்றாம் பதிப்பிலிருந்து 3.5 பதிப்புக்கு எல்லோரும் மாறுகிறார்கள். தங்களுக்கு எத்தனை லெவல், எத்தனை ஹிட் பாயிண்ட் மிச்சம் என்று சண்டைக்கு நடுவே பேசிக்கொள்கிறார்கள். (ஹிட் பாயிண்ட் என்பது ஒருவர் எவ்வளவு அடி தாங்குவார் என்ற எண். அது தீர்ந்தால் ஆள் காலி.)

மற்ற மாயாஜாலக் கதைகளில் வழக்கு இரண்டு தரப்புக்கு நடுவில்தான்: நம் இயற்பியல், கதாசிரியரின் கற்பனை. இங்கே மூன்றாவதாக அச்சிட்ட விதிப்புத்தகம் ஒன்றும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதில் அடிக்கணக்கு, விநாடிக்கணக்கு, விலைப்பட்டியல் எல்லாம் உண்டு. எண் என்று வந்துவிட்டால் கணக்குப் போடாமல் யாரால் இருக்க முடியும்?

மூன்றும் மோதினால் எது ஜெயிக்கும்?

பக்கத்தில் வரைந்து காட்டியதற்குத்தான் முதல் மரியாதை. அது நடந்துவிட்டது, அதன் மேல் வாதம் கிடையாது. காமிக் மௌனமாக இருக்கும் இடத்தில் விதிப்புத்தகத்தைப் பார்க்கலாம். அதுவும் மௌனமாக இருந்தால் நம் உலகத்து இயற்பியல் அப்படியே செல்லும் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் தூக்கி எறியப் பார்க்கிறார்கள். “டிராகன் இருக்கும் உலகத்தில் எதுவும் நடக்கலாம்” என்பார்கள். எதுவும் நடக்கலாம் என்றால் எதற்கும் மதிப்பு இருக்காது. அந்த உலகத்திலும் தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடுகிறது, அம்பு வளைந்துதான் இறங்குகிறது, சாப்பிடாவிட்டால் பசிக்கிறது. ஆசிரியர் இதை எங்கும் எழுதி வைக்கவில்லை, எழுதத் தேவையும் இல்லை. தடுக்கி விழுந்தவன் கீழே விழுவான் என்று வாசகர் நம்புவதால்தான், மந்திரவாதி ஒருவர் விழாமல் நிற்கும்போது நமக்குச் சிலிர்க்கிறது. பறக்கும் மந்திரத்துக்காக ஒரு நாளைய சக்தியில் ஒரு பங்கைச் செலவழிக்க வேண்டியிருப்பது, அங்கே புவியீர்ப்பு இருக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி.

ராய் ஏன் செத்தார்? அவ்வளவு பெரிய வீரர் விழுந்தே சாவாரா?

அஸூர் சிட்டி என்ற நகரத்தின் முற்றுகையில் ராய், ஸைகானின் ஜாம்பி டிராகன் மேல் ஏறிப் போராடி, அந்த உயரத்திலிருந்து விழுந்து இறக்கிறார். படித்தவர்கள் மறக்க முடியாத கட்டம். இதைப் பற்றிய சண்டை விசித்திரமானது. “அந்த உயரத்திலிருந்து விழுந்தால் சாகத்தான் வேண்டும்” என்று இயற்பியல் தரப்பு சாதாரணமாக விட்டுவிடும். “இவர் லெவலுக்குச் சாகக் கூடாதே” என்று வாதாடுவது விதித் தரப்புதான்.

விதி இப்படி: விழும் ஒவ்வொரு 10 அடிக்கும் ஓர் ஆறுமுகப் பகடையை உருட்டி, வரும் எண்ணை ஹிட் பாயிண்ட்டில் கழிக்க வேண்டும். ஆனால் உச்சவரம்பு 20 பகடை. அதாவது 200 அடியிலிருந்து விழுந்தாலும், மேகத்திலிருந்து விழுந்தாலும் அதே 20 பகடை. சராசரி 70, எவ்வளவு மோசமாக உருண்டாலும் 120. பன்னிரண்டு, பதின்மூன்று லெவல் எட்டிய வாள்வீரருக்கு நூறை ஒட்டி ஹிட் பாயிண்ட் இருக்கும். ஆக, உடம்பில் கீறல் இல்லாமல் வானத்திலிருந்து குதித்தால் பெரும்பாலும் எழுந்து நடந்துவிடுவார்.

உச்சவரம்பு என்ற யோசனை தவறில்லை. விழுகிறவரின் வேகம் கூடக்கூடக் காற்றின் தடையும் கூடும், ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகி வேகம் அப்படியே நின்றுவிடும். கை கால் விரித்து விழும் மனிதருக்கு அது மணிக்கு 200 கி.மீ.யை ஒட்டி இருக்கும். அதற்குமேல் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் ஒன்றுதான். பிசகு எண்ணில் இருக்கிறது. 200 அடி என்றால் 61 மீட்டர். அவ்வளவு விழுந்தால் காற்றுத் தடையை மறந்துவிட்டுக் கணக்கிட்டாலும் மணிக்கு 124 கி.மீ.தான் வரும். இறுதி வேகத்தை நெருங்க ஏறத்தாழ 450 மீட்டர் விழ வேண்டும். விதிப்புத்தகம் வரம்பை ஏழில் ஒரு பங்கு தூரத்திலேயே வைத்துவிட்டது.

இப்போது ராய்க்கு வருவோம். அவர் உடம்பில் கீறல் இல்லாமல் விழவில்லை. அந்தக் காலத்தின் மிகப் பெரிய மந்திரவாதிகளில் ஒருவனோடு சண்டை போட்டு, அடி மேல் அடி வாங்கியபின் விழுந்தார். மிச்சமிருந்த ஹிட் பாயிண்ட் 70க்குக் கீழே போயிருந்தால் விதிப்படியும் சாவுதான் அதிகம் சாத்தியம். இயற்பியல், விதி, கதை மூன்றும் ஒரே தீர்ப்பைச் சொல்லும் அபூர்வமான இடம் இது. அந்தக் கட்டம் நெஞ்சில் அவ்வளவு கனமாக இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏமாற்று வேலை ஏதுமில்லாமல் ஒருவர் சாகிறார்.

ஒரு சேதி. நம் உலகத்திலும் விதிவிலக்கு உண்டு. 1972இல் வெஸ்னா வுலோவிச் என்ற யூகோஸ்லாவிய விமானப் பணிப்பெண், விமானம் நடுவானில் சிதறியபின் 10,160 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து பிழைத்தார். பிழைப்பது நடக்கவே நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. வழக்கமாக நடக்காது, அவ்வளவுதான்.

பெல்கருக்கும் ராய்க்கும் ஒரே அடியா?

விதிப்படி ஒரே அடி. இயற்பியல்படி இல்லை. ராயின் குழுவில் இருக்கும் பெல்கர், ஹாஃப்லிங் என்ற குள்ள இனத்தவர், ராயின் உயரத்தில் பாதி. உருவம் அப்படியே பாதியானால் காற்றை எதிர்க்கும் பரப்பு நான்கில் ஒரு பங்கு, எடை எட்டில் ஒரு பங்கு. அதனால் இறுதி வேகம் 200 கி.மீ.யிலிருந்து 140 கி.மீ.யை ஒட்டி இறங்கும். உடம்பின் ஒவ்வொரு கிலோவும் தாங்க வேண்டிய ஆற்றல் பாதியாகிவிடும்.

இந்தக் கணக்கை 1926இலேயே உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் ஒரு கட்டுரையில் அழகாகச் சொல்லியிருக்கிறார். ஆழமான சுரங்கக் குழியில் விழும் சுண்டெலி, கீழே மண் மெத்தென்று இருந்தால் ஒரு குலுக்கலோடு எழுந்து போய்விடும், பெரிய பிராணிகளுக்கு அந்தப் பேறு இல்லை என்பது அவர் கருத்து. (பிற்காலத்தில் இந்தியக் குடியுரிமை பெற்று, 1964இல் புவனேஸ்வரில் காலமானவர் இந்த ஹால்டேன்.) பெல்கர் எத்தனை விழுந்தாலும் திட்டிக்கொண்டே எழுவதில் இயற்பியலுக்கு உடன்பாடுதான்.

‘ஃபெதர் ஃபால்’ மந்திரம் ஒரே கணத்தில் வேகத்தைக் குறைக்கிறதே, அந்த அதிர்ச்சியிலேயே ஆள் செத்துவிட மாட்டாரா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. விழும் வேகத்தை ஒரு நொடியும் தாமதிக்காமல் ஆறு விநாடிக்கு 60 அடியாக, அதாவது விநாடிக்கு 3 மீட்டராகக் குறைத்துவிடும் மந்திரம் இது. விநாடிக்கு 55 மீட்டர் வேகத்தில் வருகிறவரை நூறில் ஒரு விநாடியில் இப்படி நிறுத்தினால் புவியீர்ப்பைப் போல ஐந்நூறு மடங்கு விசை தாக்கும். தரையில் மோதுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும்.

ஆனால் மோதினால் ஏன் சாகிறோம்? தரை முதலில் காலை நிறுத்துகிறது. உடம்பு வந்துகொண்டே இருக்கிறது. எலும்பு நின்ற பிறகும் உள்ளுறுப்புகள் நகர்கின்றன. ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் நடுவே வரும் இந்த இழுபறிதான் ஆளைக் கொல்கிறது. உடம்பின் ஒவ்வோர் அணுவையும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் ஒரு விசை பிடித்து நிறுத்தினால் உள்ளே இழுபறியே இராது. புவியீர்ப்பு அப்படித்தான் வேலை செய்கிறது. தடையில்லாமல் விழும்போது உடம்பு எதையும் உணராமல் இருப்பது அதனால்தான். ஃபெதர் ஃபால் ஒரு கயிறு போலக் கக்கத்தில் பிடித்து இழுக்கிறது என்று நினைத்தால் மரணம். புவியீர்ப்பைப் போல முழு உடம்பின்மேலும் பரவுகிறது என்று நினைத்தால் ஆபத்தே இல்லை. விதியும் ஆபத்தில்லை என்றே சொல்கிறது. ஆகவே மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று நமக்குத் துப்பு கொடுப்பது இயற்பியல்தான்! மந்திரத்தை மறுக்க வந்த கணக்கு அதை விளக்கிவிட்டுப் போகும் இப்படிப்பட்ட இடங்களுக்காகவே இந்த விவாதத்தை நான் விரும்புகிறேன்.

டிராகன் பறப்பது மந்திரத்தாலா?

இதில்தான் ரத்தக்களரி. விதிப்புத்தகத்தின் பதில் எல்லோரையும் திடுக்கிட வைக்கும்: இல்லை, மந்திரத்தால் இல்லை.

காமிக்கிலேயே சாட்சி இருக்கிறது. குழுவின் மந்திரவாதி வார்ஸூவியஸ் ஓர் இளம் கருப்பு டிராகனைக் கொன்றுவிடுகிறார். பல காலம் கழித்து அதன் தாய் பழிவாங்க வருகிறாள். அவள் கையாளும் தந்திரம், மந்திரம் எதுவும் செல்லாத ஒரு வட்டத்தைத் தன்னைச் சுற்றி உண்டாக்குவது. அதற்குள் வார்ஸூவியஸ் வெறும் எல்ஃப். மெலிந்த உடம்பு, படிப்பு மட்டுமே சொத்து. டிராகனோ அதே வட்டத்துக்குள்ளும் டிராகனாகவே இருக்கிறாள். பல், நகம், எடை எதுவும் குறையவில்லை. விதிப்படி அவள் இழப்பது அமிலம் உமிழும் சக்தியை. அது மந்திர வகை. சிறகடித்துப் பறப்பது இயல்பான அசைவு என்று விதி எழுதியிருப்பதால், மந்திரமற்ற வட்டத்திலும் அவளால் பறக்க முடியும்.

இதை இயற்பியலிடம் கொண்டுபோனால் அது ஒப்புக்கொள்ளவே ஒப்புக்கொள்ளாது. விதிப்புத்தகம் மிகப் பெரிய உருவங்களுக்குக் குறிக்கும் எடை 2 முதல் 16 டன். அதற்கும் அடுத்த அளவுக்கு 16 முதல் 125 டன். நம் பூமியில் பறந்தவற்றிலேயே பெரியது கெட்ஸால்கோட்லஸ் என்ற தொல்லுயிரி. சிறகின் விரிவு 10, 11 மீட்டர், எடை 200 முதல் 250 கிலோ என்பது இன்றைய மதிப்பீடு. இன்று வானில் இருக்கும் பறவைகளில் கானமயில் இனத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கக் கோரி பஸ்டர்டு 20 கிலோவைத் தொடுவதற்கே திணறுகிறது. காரணம் பெல்கர் விழுந்த கணக்கேதான், தலைகீழாக. நீளத்தை இரட்டித்தால் சிறகின் பரப்பு நான்கு மடங்கு, எடை எட்டு மடங்கு. கலிலியோ 1638இலேயே எழுதி வைத்த உண்மை. எந்தச் சிறகும் ஓர் அளவுக்குமேல் இந்த ஓட்டத்தில் ஜெயிக்காது.

அப்படியானால் விதி பொய்யா? 3.5 விதிப்புத்தகம் இதற்கென்றே ஓர் அபாரமான வாசகத்தை வைத்திருக்கிறது. சில உயிர்களுக்கு இருக்கும் அசாதாரணத் திறன்கள் மந்திரம் அல்ல, ஆனாலும் அவை இயற்பியல் விதிகளை மீறலாம் என்று அது சொல்கிறது. பறத்தல் அந்தத் திறன் பட்டியலில்கூட இல்லை, நடப்பதைப் போல வெறும் அசைவு. ஆனால் அந்த ஒரு வாசகம் நம் விவாதத்தின் அடித்தளத்தையே புரட்டிப் போடுகிறது. மந்திரம் ஒரு பக்கம், இயற்பியல் மறு பக்கம் என்று இரண்டாகப் பிரித்தோம். அந்த உலகத்திலோ மூன்றாவது ஒன்று இருக்கிறது: மந்திரமும் இல்லாத, நம் இயற்பியலும் இல்லாத, அந்த உலகத்தின் இயல்பு. அங்கே காற்று நம் காற்றைவிடக் கனமானதாக இருக்கலாம், டிராகனின் எலும்பு நம் எலும்பாக இல்லாமல் இருக்கலாம். “நம் இயற்பியலில் நடக்காது, ஆகவே மந்திரம்தான்” என்ற வாதம் இந்த இடத்தில் நொறுங்குகிறது. அந்த வாதத்தை வைப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

ஃபயர்பால் எவ்வளவு சூடு?

விதிப்புத்தகமே வெப்பநிலையைக் காட்டிக்கொடுக்கிறது. இந்த நெருப்புக் கோளம் ஈயம், தங்கம், செம்பு, வெள்ளி, வெண்கலம் போன்றவற்றை உருக்கும் என்கிறது. செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆகக் குறைந்தபட்சம் 1,100 டிகிரி என்று வைப்போம். ஆரம் 20 அடி, அதாவது 6 மீட்டர். கோளத்தின் கொள்ளளவு சுமார் 950 கன மீட்டர், அதற்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 1,100 கிலோ. அதை அந்தச் சூட்டுக்கு ஏற்ற 1.2 கிகாஜூல் ஆற்றல் வேண்டும், சுமார் 35 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். மந்திரவாதி ஒருவர் வௌவால் எச்சமும் கந்தகமும் சேர்த்த ஓர் உருண்டையை வைத்துக்கொண்டு இதைச் செய்கிறார்.

ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பதை மந்திரத்தின் கணக்கில் எழுதிவிடலாம். அதற்குத்தானே மந்திரம்? சிக்கல் அடுத்த வரியில் வருகிறது. இந்த வெடிப்பில் அழுத்தம் ஏறக்குறைய இல்லவே இல்லை என்று விதி சொல்கிறது. 30 டிகிரி காற்றைத் திடீரென்று 1,100 டிகிரிக்குக் கொண்டுபோனால், விரிய இடமில்லாத சமயம் அழுத்தம் நான்கரை மடங்கு ஏறும். மூடிய குகையில் ஃபயர்பால் எறிந்தால் கதவு பறக்க வேண்டும், காது கிழிய வேண்டும். விதி அதை மறுக்கிறது.

எனக்குத் தோன்றும் விடை: ஃபயர்பால் காற்றைச் சூடாக்கவில்லை. அந்த எல்லைக்குள் இருக்கும் பொருள்களின் மேற்பரப்பில் நேரடியாக வெப்பத்தை வைக்கிறது. அப்படிப் படித்தால் அழுத்தமின்மை சரியாகிறது, குகைக்குள் எறிந்தவர்களே பிழைப்பதும் புரிகிறது. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் அழுத்தத்துக்கு முதலில் வழி சொல்லட்டும்.

விதியை வைத்தே ஒலியைவிட வேகமாகக் கம்பு எறியலாம் என்கிறார்களே?

விவசாயிகளை வரிசையாக நிறுத்தும் அந்தப் பழைய தந்திரம். ஒரு சுற்று என்பது 6 விநாடி. கையில் வரும் பொருளை அடுத்தவருக்குக் கொடுக்கத் தயாராக நிற்பதை விதி அனுமதிக்கிறது, எத்தனை பேர் என்று வரம்பு சொல்லவில்லை. 5 அடிக்கு ஒருவராக 2,000 பேரை நிறுத்தினால் கம்பு 10,000 அடியை 6 விநாடியில் கடக்கும். விநாடிக்கு 500 மீட்டருக்கு மேல், ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டது. கடைசி ஆள் கையை விட்டால் கோட்டைச் சுவர் தூள்!

இதில் இருக்கும் தில்லுமுல்லு எளிது. கம்பு கை மாறும்வரை விதிப்புத்தகத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் இயற்பியல்படி எந்தக் கையாலும் அந்த வேகத்தில் கொடுக்க முடியாது. கடைசி நொடியில் விதியை விட்டுவிட்டு இயற்பியலுக்குத் தாவுகிறார்கள், ஏனென்றால் விதிப்படி எறிந்த கம்புக்கு ஒரு பகடை அடிதான். இரண்டில் எதைப் பிடித்தாலும் கடைசிவரை பிடிக்க வேண்டும். விளையாட்டை நடத்துகிறவருக்காக 2024இல் வந்த புதிய டஞ்சன் மாஸ்டர் கையேடு, விதிகள் இயற்பியல் அல்ல என்று ஒரு தலைப்பே போட்டு, இந்த வரிசைத் தந்திரத்தை உதாரணம் காட்டி மறுத்திருக்கிறது. அத்தனை ஆண்டு விவாதம் புத்தகத்துக்குள்ளேயே ஏறிவிட்டது!

தீராத தண்ணீர்க் குடுவை இருக்கும்போது அங்கே ஏன் தொழிற்புரட்சி வரவில்லை?

விதிப்புத்தகத்தில் ஒரு மந்திரக் குடுவை உண்டு. முழுவேகத்தில் திறந்தால் 6 விநாடிக்கு 30 கேலன், அதாவது விநாடிக்கு சுமார் 19 லிட்டர் தண்ணீர் பீய்ச்சும், என்றும் வற்றாது. நாளொன்றுக்கு 16 லட்சம் லிட்டர். “இதை வைத்துச் சக்கரம் சுற்றினால் போதுமே” என்பது பொறியியல் படித்த ரசிகர்களின் நிரந்தரக் கனவு.

சுற்றிப் பார்ப்போம். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டால், ஒரு சொட்டும் வீணாகாமல் போனாலும் கிடைப்பது 3.7 கிலோவாட். நம் ஊர்க் கிணற்று மேட்டில் இருக்கும் 5 ஹெச்பி மோட்டார் அளவு. குடுவையின் விலையோ 9,000 பொற்காசு. அதே புத்தகத்தில் கூலியாளுக்கு நாள் சம்பளம் ஒரு வெள்ளிக்காசு, பொற்காசில் பத்தில் ஒன்று. ஆகக் குடுவையின் விலை 90,000 நாள் கூலி, ஓர் ஆளுக்கு 246 வருஷம். 5 ஹெச்பிக்கு எந்த ராஜாவும் இதைச் செய்ய மாட்டார். பாலைவனத்தில் குடிதண்ணீருக்கு வாங்குவார், அது நியாயமான விலை. தொழிற்புரட்சி வராததற்கு மந்திரத்தையோ இயற்பியலையோ பழிக்க வேண்டியதில்லை, விலைப்பட்டியலே போதும்.

(அந்த விலைப்பட்டியலையும் ரொம்ப நம்பக் கூடாது. 10 அடி ஏணி 5 செப்புக்காசு, 10 அடிக் கம்பு 20 செப்புக்காசு. ஏணியை வாங்கி உடைத்தால் இரண்டு கம்பு.)

இன்னொரு தரப்பு தண்ணீர் ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாகிறது என்கிறது. அது உண்மையானால் ஐன்ஸ்டைனின் நிறை-ஆற்றல் சமன்பாட்டின்படி விநாடிக்கு 19 கிலோ நிறையை உருவாக்கும் ஆற்றல் அந்தக் குடுவைக்குள் இருக்கிறது. இன்று உலகம் முழுவதும் ஒரு வருஷத்தில் செலவழிக்கும் ஆற்றலை அது ஆறே நிமிடத்தில் தண்ணீராக ஊற்றிவிடுகிறது. இதைவிட, தண்ணீர் வேறோர் உலகத்துக் கடலிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வது எனக்கு எளிதாகத் தெரிகிறது.

ஓர் இடத்தில் மறைந்து இன்னோர் இடத்தில் தோன்றினால் பழைய வேகம் என்ன ஆகும்?

பூமி சுற்றுகிறது. நிலநடுக்கோட்டில் நிற்பவர் விநாடிக்கு 465 மீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார். 60 டிகிரி அட்சரேகையில் அது பாதிதான். வேகம் கூடவே வந்தால் தோன்றிய நொடியில் சுவரில் அறைந்து சாக வேண்டும். யாரும் அறைவதில்லை. ஆகவே மந்திரம் போய்ச் சேர்ந்த இடத்தின் வேகத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது. அல்லது அந்த உலகம் சுற்றவில்லை.

கதையை ரசிக்காமல் ஏன் கணக்குப் போடுகிறீர்கள்?

இந்த விளையாட்டில் இயற்பியலை இழுத்தால் எங்கோ ஒரு பூனைப் பெண் சாகிறாள் என்று ரசிகர்கள் நடுவே பழமொழி போல ஒன்று உலவுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிடிக்காத கதைக்கு யாரும் கொள்ளளவு கணக்கிட மாட்டார்கள். ஒருவர் ரசித்துச் சிரிக்கும்போது குறுக்கே போய்ச் சமன்பாடு சொல்வது மட்டும் வேண்டாம், அது மரியாதைக் குறைவு.

மற்ற வெப்காமிக்குகளில் இந்தச் சண்டை எப்படி?

டாம் சிடெல் 2005இல் தொடங்கிய ‘கன்னர்கிரிக் கோர்ட்’டைப் படித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஆய்வுக்கூடமும் ரோபோக்களும் நிறைந்த பிரம்மாண்டமான பள்ளி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேசும் மிருகங்களின் காடு, நடுவே ஒரு பாலம். நாம் வெளியே நின்று போடும் சண்டையை அங்கே பாத்திரங்களே போடுகிறார்கள்.

அந்த உலகத்தின் மந்திரத்துக்கென்று ஓர் இயற்பியல் உண்டா?

உண்டு. அது விதிப்புத்தகத்தில் இல்லை, கதையில் இருக்கிறது. தேவர் கூட்டங்கள் சேர்ந்து இழை இழையாக உலகத்தை நெய்தபோது அவர்களுக்குள் சச்சரவு மூண்டது. அந்தச் சச்சரவில் சிக்குண்ட இழைகளிலிருந்து ஸ்னார்ல் என்ற பேரழிவு பிறந்தது. கிழக்குத் தேவர்களை அது கொன்றேவிட்டது. மிச்சமிருந்தவர்கள் புதிய உலகத்தை அதற்குச் சிறையாகப் படைத்தார்கள். பிற்பாடு அந்தத் தேவர்களில் ஒருவரான தோர், ராயின் குழுவில் இருக்கும் தன் பூசாரி டர்கனிடம் முழு உண்மையைச் சொல்கிறார்: இப்படி எண்ணற்ற உலகங்கள் வந்து அழிந்திருக்கின்றன. ஒவ்வொரு தேவர் கூட்டத்தின் சக்திக்கும் ஒரு நிறம். ஸ்னார்லிடம் நான்கு நிறம், மிச்சமிருக்கும் தேவர்களிடம் மூன்றுதான். காப்ளின்களின் தெய்வமான டார்க் ஒன்னின் ஊதா நிறம் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை பெரிய மந்திரத்தாலும் மீற முடியாத ஒரு வரம்பு அங்கே இருக்கிறது, தேவர்களும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். மூன்றை நான்கு என்று சொல்லி ஏமாற்ற முடியாது. அந்த உலகத்தின் முதல் அடிப்படை விதி என்று நான் இதைத்தான் சொல்வேன். டிராகன் பறப்பது, விழும் அடிக்கு 20 பகடை வரம்பு எல்லாமே தேவர்கள் பேசி ஒத்துக்கொண்ட ஏற்பாடுகளாக இருக்கலாம். அடுத்த உலகத்தில் வேறு விதமாக நெய்திருப்பார்கள்.

இன்னும் தீராத கேள்வி எது?

ஸ்னார்லின் சிறையில் விழுந்த பிளவுக்குள் இருக்கும் அந்தக் கிரகம். வார்ஸூவியஸின் அண்டங்காக்கை பிளாக்விங், அஸூர் சிட்டிக்கு மேலே திறந்த பிளவுக்குள் எட்டிப் பார்த்தபோது அங்கே ஓர் உலகம் தெரிந்தது. எல்லாவற்றையும் சிதைக்கும் ஸ்னார்லின் சிறைக்குள் உருண்டையாக ஒரு கிரகம் எப்படி நிற்கிறது? உருண்டை என்றால் அதைத் திரட்டிப் பிடிக்கும் ஈர்ப்பு உள்ளே இருக்க வேண்டும். யார் ஒத்துக்கொண்டு வைத்த ஈர்ப்பு அது? ஸ்னார்லே நெய்ததா? நெய்யத் தெரிந்தால் அது வெறும் வெறிபிடித்த சிக்கல்தானா? டிராகன் விஷயத்தில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் கொஞ்ச நாள் அதை நிறுத்திவிட்டு இதற்கு வாருங்கள். எனக்கு ஒரு கருத்து இருக்கிறது: அந்தக் கிரகத்தை நெய்தது ஸ்னார்ல்தான், தன் நான்கு நிறங்களையும் சேர்த்து. அப்படியென்றால் தோர் சொன்ன கதையில் அவருக்கே தெரியாத ஒரு பாகம் இருக்கிறது.